கொடைக்கானல் பாதரசமும் நிறுவனங்களின் தராசும்

பெருநிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இன்று தவறாது இடம்பெறும் சொற்களுள் ஒன்று ‘சமநிலை’. இலாபத்திற்கும் சுற்றுச்சூழலுக்கும் இடையே சமநிலை பேணுகிறோம் என்று சிமெண்டு நிறுவனமும் எழுதுகிறது. சோப்பு நிறுவனமும் எழுதுகிறது. நிலக்கரி தோண்டும் நிறுவனமும் எழுதுகிறது. இச்சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் ஒரு தராசு எழுகிறது. ஒரு தட்டில் இலாபம். மறு தட்டில் காடும் ஆறும் காற்றும். நடுவில் கோணாத ஒரு கை. படம் அழகானதுதான். உண்மையானதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இத்தராசின் இரு தட்டுகளும் ஒரே நேரத்தில் நிறுக்கப்படுவதில்லை. இலாபம் ஆண்டுதோறும், பெரும்பாலும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, நிறுக்கப்படுகிறது. இழப்பு பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து, வேறோர் ஊரில், வேறு மனிதர்களால் நிறுக்கப்படுகிறது. அப்போது இலாபத்தட்டு பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு வெறுமையாகியிருக்கும். கால வேறுபாடு ஒன்றே நிறுவனத்தின் பக்கம் முள்ளைச் சாய்த்துவிடப் போதுமானது. அந்தக் கை நல்ல கையா, கெட்ட கையா என்பது இரண்டாவது கேள்விதான்.

இதை விளக்கக் கெட்ட பெயரெடுத்த ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வது எளிது. அதனால் பயன் அதிகமில்லை. திருடனைக் காட்டித் திருட்டு தீது என்று நிறுவுவதில் என்ன இருக்கிறது? ஆகவே, இத்துறையில் உலகமே மெச்சிய ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். யூனிலீவர்.

2009 தொடக்கத்தில் பால் போல்மன் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இலாபக் கணக்கை வெளியிடும் வழக்கத்தைக் கைவிட்டார். குறுகிய காலக் கணக்கு நீண்ட காலச் சிந்தனையைக் கெடுக்கிறது என்பது அவர் வாதம். நமக்கும் உடன்பாடான வாதமே. 2010 நவம்பரில் ஒரு பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டது. வணிகத்தை இருமடங்காக்குவது, அதே வேளையில் தன் பொருள்களால் இயற்கைமீது விழும் சுமையைப் பாதியாக்குவது என்பது அதன் சாரம். 2015 ஜனவரியில், 67 நாடுகளிலுள்ள 240க்கும் மேற்பட்ட தன் ஆலைகளிலிருந்து அபாயமற்ற கழிவு எதுவும் குப்பைமேட்டுக்குப் போகவில்லை என்று நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் தன் உயரிய விருதைப் போல்மனுக்கு வழங்கிற்று.

இவையெல்லாம் வெறும் வேடம் என்று நாம் சொல்ல வரவில்லை. அவருடைய நாட்டம் உண்மையானது என்றே கொள்வோம். அவ்வாறு கொள்ளும்போதுதான் கேள்வி கூர்மையடைகிறது.

அந்த ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில், 2015 ஜூலை இறுதியில், சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்னும் பாடகியின் ராப் பாடல் ஒன்று யூடியூபில் வெளியாகி இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. பாடலின் பொருள், கொடைக்கானலில் யூனிலீவரின் இந்தியக் கிளை நடத்திவந்து, 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலை. ஆலை மூடி 14 ஆண்டுகள் ஆகியிருந்தும், அங்கே பாதரசம் கலந்த மண்ணைத் தூய்மைப்படுத்தும் பணி தொடங்கப்படவில்லை. முன்னாள் தொழிலாளர்களின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் நிலுவையில் கிடந்தது. ‘அபாயமற்ற கழிவு’ என்ற தொடரில் அந்த அடைமொழி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பாதரசம் அந்தக் கணக்கில் வரவே வராது. மூடப்பட்ட ஆலையும் வராது.

ஆலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் ஊரில் இயங்கிய வெப்பமானி ஆலையின் இயந்திரங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கொடைக்கானலுக்கு வந்தன. 1983இல் பாண்ட்ஸ் நிறுவனத்தின் பெயரில் உற்பத்தி தொடங்கிற்று. பாண்ட்ஸை யூனிலீவர் உலக அளவில் வாங்கியதைத் தொடர்ந்து 1987இல் ஆலை கைமாறியது. கண்ணாடியும் பாதரசமும் அமெரிக்காவிலிருந்து வந்தன. செய்து முடித்த வெப்பமானிகள் ஏற்றுமதியாயின. உடைந்த கண்ணாடியும் கழிவும் மட்டும் மலையில் தங்கின. ஆலையை ஒட்டி இருப்பது பாம்பாறு சோலை. சோலைக்காடு மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆண்டு முழுதும் சொட்டுச் சொட்டாக விடுவது. மலையில் கசிவது சமவெளிக்கு வந்தே தீரும்.

2001 மார்ச்சில், ஆலையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக்கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் குவியல் கிடப்பதை உள்ளூர் மக்களும் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொணர்ந்தனர். அம்மாதமே ஆலை மூடப்பட்டது. குவியலின் எடை 7.4 டன் என்றனர் போராடியோர். 5.3 டன் என்றும், தன் நடைமுறைக்கு மாறாக அது விற்கப்பட்டுவிட்டது என்றும் கூறிற்று நிறுவனம். 2003இல் அந்தக் கண்ணாடியும், ஆலை வளாகத்திலிருந்த பாதரசக் கழிவுமாகச் சுமார் 290 டன் கப்பலேற்றப்பட்டு, அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள மீட்பு ஆலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு வளரும் நாட்டிலிருந்து நச்சுக்கழிவு மேற்குநாட்டுக்குத் திரும்பிப் போவது அரிதான நிகழ்ச்சி. அது நடந்ததும் நிறுவனம் தானாக விழித்துக்கொண்டதால் அன்று. ஒரு குவியல் கண்ணில் பட்டதால் நடந்தது.

5.3க்கும் 7.4க்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் சற்றே நின்று பார்ப்போம். ஒரு குவியலின் எடையிலேயே இரு கணக்குகள் எனில், ஆவியாகிப்போன பாதரசத்துக்கு எத்தனை கணக்குகள் இருந்திருக்கும்? பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். மூச்சில் நுழையும் அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தொழிலாளிக்குக் கை நடுங்கத் தொடங்கும்போது அது எந்த நாளின் மூச்சால் வந்தது என்று யாராலும் சொல்லவியலாது. தொழிலாளர்களுக்குப் பணியால் நோய் வந்ததற்குச் சான்றில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்துவந்தது. அதற்குச் சார்பான மருத்துவ ஆய்வுகளையும் அது காட்டிற்று. 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வு இதற்கு மாறான முடிவுக்கு வந்தது. இறுதியில், 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உதவித்தொகை தருவதாக உடன்படிக்கை ஏற்பட்டது. தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. மண்ணைப் பொறுத்தவரை, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் போதும் என்று முடிவாயிற்று. காட்டுக்கு அருகில் இதனினும் மிகக் கடுமையான அளவு வேண்டும் என்று சூழல் ஆர்வலர்கள் வாதிட்டனர்.

1983, 2001, 2016. இம்மூன்று ஆண்டுகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் பதினெட்டு ஆண்டுகளில் இலாபம் எழுதப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகள் இழப்பு எவ்வளவு, யாருடையது என்ற வாதத்தில் கழிந்தன. இலாபத்தை மெய்ப்பிக்க யாரும் நீதிமன்றம் போகவேண்டியிருக்கவில்லை. இழப்பை மெய்ப்பிக்கத் தொழிலாளி போகவேண்டியிருந்தது, நடுங்கும் கையோடு.

இது இந்தியாவின் பின்தங்கிய நிலையால் வந்தது என்று எண்ண வேண்டாம். ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ நிறுவனம் கடலில் விட்ட கழிவிலிருந்த பாதரசச் சேர்மம் மீன்வழியாக மனிதருக்குச் சென்று நரம்புகளைச் சிதைத்தது. நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது 1956இல். கழிவு நின்றது 1968இல். அறிந்ததற்கும் நிறுத்தியதற்கும் இடையில் பன்னிரண்டு ஆண்டுகள்! தன் தொழில்நுட்பத்தால் உலகத்தை வியக்கவைத்துக்கொண்டிருந்த ஒரு நாட்டில் இது நடந்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கைக்கு அவ்வூரின் பெயரே சூட்டப்பட்டது. அது நடைமுறைக்கு வர 2017 ஆகிவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘இலாபமும் இயற்கையும் பகையல்ல, மின்சாரத்தைச் சேமித்தால் செலவு குறையும், கழிவைக் குறைத்தால் மூலப்பொருள் மிச்சமாகும், நிறுவனங்கள் இதை உணர்ந்துவிட்டன’ என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. யூனிலீவரின் ஆலைகளில் கரிவளி உமிழ்வு பெரிதும் குறைந்தது. ஆனால் இந்த ஒற்றுமை ஆலையின் வாயிலோடு நின்றுவிடுகிறது. மின்கட்டணம் நிறுவனத்தின் செலவு. ஆகவே அது குறைக்கப்படுகிறது. வாங்கியவர் தம் வீட்டில் வெந்நீரில் குளிக்கும்போது எரியும் எரிபொருள் நிறுவனத்தின் செலவன்று. அதையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு நுகர்வுக்கான கரிவளிச்சுமை பல ஆண்டுகள் குறையவேயில்லை என்பதை நிறுவனத்தின் அறிக்கைகளே ஒப்புக்கொண்டன. அவ்வாறு ஒப்புக்கொண்டதைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் பாடம் தெளிவானது. செலவும் சூழலும் ஒரே திசையில் செல்லும்வரை சமநிலை தானாக வருகிறது. பிரியும் இடத்தில்தான் தராசு தேவைப்படுகிறது. அங்கேதான் அது காணாமற்போகிறது.

பிரியும் இடம் வந்தது. 2017 பிப்ரவரியில் கிராஃப்ட் ஹைன்ஸ் நிறுவனம் 143 பில்லியன் டாலர் விலைபேசி யூனிலீவரை விழுங்க முனைந்தது. செய்தி வெளியான இரண்டே நாள்களில் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆயினும் அதற்கடுத்த ஏப்ரலில் யூனிலீவர் இலாபவிகிதத்தை 2020க்குள் 20 விழுக்காடாக உயர்த்துவதாகவும், 5 பில்லியன் யூரோவுக்குத் தன் பங்குகளைத் தானே வாங்கப்போவதாகவும், ஈவுத்தொகையை 12 விழுக்காடு கூட்டுவதாகவும் அறிவித்தது. காலாண்டுக் கணக்கைத் துறந்த நிறுவனத்தைச் சந்தை இரண்டு நாளில் திரும்ப அழைத்துக்கொண்டது. 2022 ஜனவரியில் ஒரு பெரும் முதலீட்டாளர், மயோனைஸுக்கெல்லாம் ஓர் உயர்ந்த நோக்கம் தேடிக்கொண்டிருக்கிறார்களே என்று நிறுவனத்தை எள்ளி நகையாடினார். 2024இல் புதிய தலைமையின்கீழ் இலக்குகள் தளர்த்தப்பட்டன. 2025க்குள் புதிய பிளாஸ்டிக் பயன்பாட்டைப் பாதியாகக் குறைப்போம் என்ற வாக்குறுதி, 2026க்குள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு என்று சுருங்கிற்று.

இரண்டு தட்டையும் ஒரே நேரத்தில் நிறுக்க முயன்ற ஒருவர்க்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். பிரான்சின் தனோன் நிறுவனம், இமானுவேல் ஃபாபர் தலைமையில், 2020இல் ஒரு புதுமை செய்தது. ஒரு பங்குக்கு இவ்வளவு இலாபம் என்று எழுதும்போதே, தான் வெளியிட்ட கரிவளிக்கு ஒரு விலை வைத்து, அதைக் கழித்தால் மிஞ்சும் இலாபம் இவ்வளவு என்றும் பக்கத்திலேயே எழுதிற்று. அதே ஆண்டு ஜூனில், சமூக, சூழல் நோக்கங்களை நிறுவனத்தின் சட்டதிட்டத்திலேயே சேர்க்கும் தீர்மானத்துக்குப் பங்குதாரர்களில் 99 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 2021 மார்ச்சில் ஃபாபர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். பங்குவிலை போட்டியாளர்களைவிடப் பின்தங்கிவிட்டது என்பதே முதன்மையான குறை. அவர் நிர்வாகத்தில் வேறு குறைகளும் இருந்திருக்கலாம். ஆனால் 99 விழுக்காட்டு ஆதரவு ஓராண்டு தாக்குப்பிடிக்கவில்லை என்பதை மறந்துவிடலாகாது.

ஆகவே நல்ல தலைவர் வந்தால் எல்லாம் சரியாகும் என்னும் நம்பிக்கையை நாம் கைவிட வேண்டும். நல்லவர் வருவார், போவார். அவர் இருக்கும்போதும், தமக்கு முன்னர் செய்யப்பட்ட கேட்டைத் தம் கணக்கில் ஏற்றிக்கொள்ளும் வலு அவருக்குப் பெரும்பாலும் இராது. அவ்வலுவைச் சட்டந்தான் தரமுடியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996 ஆகஸ்டில், பாலாற்றங்கரைத் தோல்பதனிடும் ஆலைகளைப் பற்றிய வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்சநீதிமன்றம் நாட்டின் சட்டமாகவே அறிவித்தது. தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றும் கூறிற்று. தமிழ்மண்ணிலிருந்து எழுந்த தீர்ப்பு அது. அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து வெடித்த கொடைக்கானல் விவகாரத்தில், தீங்கு உண்டு என்று மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தோளிலேயே கிடந்தது. கோட்பாடு ஏட்டில் இருந்தது. அதற்குரிய பணம் எவர் பெட்டியிலும் எடுத்துவைக்கப்படவில்லை.

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப்பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பள்ளிக்கூடமும் கழிப்பறையும் மரக்கன்றும் வந்தன, நன்று. ஆனால் இச்சட்டம் கேட்பது ஈட்டிய பின் என்ன செய்தாய் என்பதை. ஈட்டும்போது என்ன செய்தாய் என்பது இதன் கேள்வியன்று. இலாபம் முதலில் முழுதாக நிறுக்கப்பட்டு, அதிலிருந்து ஒரு கிள்ளு எடுக்கப்படுகிறது. தட்டுகளின் வரிசை மாறவில்லை.

வரிசை என்றதும் தமிழ் படித்தோர்க்கு வள்ளுவர் நினைவுக்கு வருவார். தெரிந்துசெயல்வகை அதிகாரத்தின் முதற்குறள் ஒரு செயலில் இறங்குமுன் எண்ணவேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது. அழியக்கூடியது முதலில், பிறகு ஆவது, அதற்கும் பிறகே, அது வழியாக வரும் ஊதியம். இழப்பு முதலில் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. இன்று கூலி என்னும் பொருளில் நாம் வழங்கும் ஊதியம் என்ற சொல், அங்கே இலாபத்தைக் குறிக்கிறது. முதலாளியின் ஆதாயத்துக்கு இருந்த சொல் தொழிலாளியின் கூலிக்குப் பெயராயிற்று. கொடைக்கானலில் இவ்விரு பொருளும் எதிரெதிரே நின்றன.

இழப்பை முதலில் வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாத அறவுரை என்று யாரேனும் சொல்லக்கூடும். அவர்கள் நம் சுரங்க விதிகளைப் பார்க்கட்டும். சுரங்கத்தை மூடும்போது நிலத்தைச் சீர்செய்வதற்கான திட்டத்தை முன்கூட்டியே தரவேண்டும், அதற்கு ஈடாகப் பொருளுறுதியும் அளிக்கவேண்டும் என்ற முறை 2003 முதல் இந்தியாவில் உள்ளது. அத்தொகை போதுமா, முறையாகப் பயன்படுகிறதா என்பன வேறு கேள்விகள். முறை உண்டு என்பதே இங்கு முக்கியம். பாதரசமோ, குரோமியமோ, வேறு நஞ்சோ கையாளும் ஒவ்வோர் ஆலைக்கும் இதையே விரித்தால் என்ன? உரிமம் பெறும் நாளிலேயே தூய்மைப்படுத்தும் செலவு கணக்கிடப்பட்டுப் பிணைத்தொகையாக வைக்கப்படட்டும். கை மாறினால் பிணையும் பொறுப்பும் சேர்ந்தே மாறட்டும். ஆண்டுதோறும் வெளியார் ஒருவர் மண்ணையும் நீரையும் தொழிலாளியின் உடலையும் அளக்கட்டும். அவ்வளவுகள் ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டப்படட்டும். தொழிலாளியின் மருத்துவக் குறிப்பேட்டின் ஒரு படி அவர் வீட்டிலேயே இருக்கட்டும். அப்போது இழப்பும் இலாபமும் ஒரே ஆண்டின் ஏட்டில் அருகருகே நிற்கும். அந்தச் செலவைச் சேர்த்த பின்னும் இலாபம் தருகிற தொழில் நடக்கட்டும். சேர்த்தால் நட்டம் என்றாகும் தொழில், தன் நட்டத்தை இதுவரை ஊரார் தலையில் கட்டிவந்த தொழில் என்றே பொருள்.

இலக்கியம் பேசும் நமக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும். சொற்களைக் காவல் காப்பது நம் வேலை. ‘சமநிலை’, ‘அபாயமற்ற’, ‘உதவித்தொகை’ ஆகிய மூன்று சொற்கள் இக்கதையில் என்ன செய்தன என்பதை நாம் பார்த்தோம். முதற்சொல் கால வேறுபாட்டை மறைத்தது. இரண்டாவது பாதரசத்தைக் கணக்கிலிருந்து நீக்கியது. மூன்றாவது கடனைக் கொடையாக்கிற்று. இச்சொற்களை எழுதுவோர் நன்கு படித்தவர்கள். படித்தவர்களே அவற்றைப் பிரித்துக் காட்டவும் வேண்டும்.

இந்தியப் பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் தம் சூழல் பொறுப்பைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும் என்ற விதி 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாகியிருக்கிறது. அவ்வறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன. நம்மில் பலர் அந்நிறுவனங்களின் சோப்பைத் தேய்ப்பவர்கள். சிலர் அவற்றின் பங்குகளை வைத்திருப்பவர்கள். ஒன்றை எடுத்துப் புரட்டுங்கள். நட்ட மரங்களின் எண்ணிக்கை இருக்கும். மிச்சப்படுத்திய நீரின் அளவு இருக்கும். மூடிவிட்டுப் போன ஆலைகள் எவை, அங்கே மண் எந்த நிலையில் இருக்கிறது, அங்கு உழைத்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையெனில், ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள்.